ஸ்ப்ரே டப்பா காலின்னு யார் சொன்னா? – பட்டறை கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப் வச்சிருக்கேன். ஸ்ப்ரே பெயின்ட், துரு எடுக்குற ஸ்ப்ரேன்னு காலி டப்பா மூட்டை மூட்டையா சேருது. சாக்குல கட்டி மாடிப்படிக்கு அடியில போட்டு வச்சு காயலான் கடைக்காரர் வந்தா எடைக்குப் போட்டுடுவோம். இப்ப அவரு ஓட்டை போட்டு நசுக்கிக் குடுத்தாதான் எடுப்பேங்குறாரு. நம்ம பையன் ஆணி வச்சு அடிச்சான், புஸ்ஸுன்னு பெயின்ட் மூஞ்சி பூரா, நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தான். என்னதான் சார் பண்றது?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: மொதல்ல அந்த ஆணியை வாங்கி உள்ள வைங்க. பெயின்ட்டோட போச்சு, அந்த நேரம் பக்கத்துல யாராவது கிரைண்டர் ஓட்டிட்டு இருந்திருந்தா கதையே வேற. டப்பாக்குள்ள பெயின்ட்டை வெளிய தள்றது பெரும்பாலும் எல்பிஜி வகையறாதான், வீட்டு சிலிண்டர்ல இருக்குற அதே ப்ரொபேன், பியூட்டேன். முன்னாடி சிஎஃப்சின்னு தீப்பிடிக்காத ஒரு கேஸ் போட்டாங்க, ஓசோனுக்கு ஆகாதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா அதை நிறுத்திட்டாங்க. ஓசோனுக்கு நல்லது, உங்க மாடிப்படிக்கு நல்லதில்ல.

இந்த கேஸ் உள்ள திரவமா இருக்கும், அது மொத்தமா தீர்ற வரைக்கும் பிரஷர் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். அதனால நாசில் அடைச்சிருச்சுன்னு தூக்கிப் போட்ட டப்பாவுல சரக்கு பாதி இருக்கலாம், பிரஷர் முழுசா இருக்கலாம். ஆட்டிப் பாருங்க, பெயின்ட் கலக்க உள்ள போட்டிருக்குற சின்ன குண்டு உருள்ற சத்தத்தோட சளக் சளக்னு கேட்டா அது காலியே இல்ல. நாசிலைக் கழட்டி தின்னர்ல ஊறவச்சு மாட்டுங்க, பெரும்பாலும் மறுபடி அடிக்கும், மிச்சத்தை வேலைக்கே அடிச்சுத் தீத்துடலாம். தினமும் வேலை முடிஞ்சதும் டப்பாவைத் தலைகீழா புடிச்சு வெறும் கேஸ் வர்ற வரைக்கும் அழுத்தி விடுற பழக்கம் இருந்தா இந்த அடைப்பே பாதி குறையும்.

காயலான் கடைக்காரர் ஏன் திடீர்னு ஓட்டை கேக்குறாருன்னு யோசிச்சீங்களா? பிரஸ்ல போட்டு நசுக்குறப்போ டப்பா வெடிக்கும்னு அவருக்குத் தெரியும், அந்த ரிஸ்க்கை உங்க பையன் தலையில கட்டுறாரு, அவ்ளோதான்.

வைக்கிற இடத்துக்கு வருவோம். 50 டிகிரிக்கு மேல சூடு படக்கூடாதுன்னு டப்பா மேலயே போட்டிருக்கும். சென்னையில 2003 மே மாசம் 45 டிகிரி அடிச்சுது, அது நிழல்ல அளந்த கணக்கு, கத்திரி வெயில்ல தகர ஷீட்டுக்குக் கீழ என்ன ஆகும்னு நீங்களே கை வச்சுப் பாத்திருப்பீங்க. சரி, மாடிப்படிக்கு அடியில நிழல்தானேன்னு கேப்பீங்க. அங்க ஈபி மீட்டரும் மெயின் சுவிட்சும் இல்லன்னு சொல்லுங்க பாப்போம்! எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட தரையா பரவி பள்ளத்துலயும் மூலையிலயும் தேங்கி நிக்கும், ஒரு சின்ன பொறி போதும்.

வெல்டிங், கிரைண்டிங்லேர்ந்து தள்ளி, காத்தோட்டமான நிழல்ல, மூடி போட்ட ஒரு இரும்பு டிரம் வைங்க. டப்பாவை மூடியோட நிமித்தி வைங்க, மூடி தொலைஞ்சிருந்தா நாசிலைப் பிடுங்கிட்டுப் போடுங்க, தானா அழுந்தாது. எண்ணெய் துடைச்ச பனியன் வேஸ்ட், பழைய பேட்டரி எதுவும் அந்த டிரம்ல கூடவே கூடாது. ஒழுகுற டப்பாவை மணல் போட்ட தனி வாளியில வச்சு மூடி வெளிய தள்ளி வைங்க. பக்கத்துல ஒரு டிசிபி, அதாவது பவுடர் அடிக்கிற தீயணைப்பான் இருக்கட்டும்.

அப்புறம் சட்டம். பெயின்ட், கெமிக்கல் ஒட்டின காலி டப்பா 2016 அபாயக் கழிவு விதிகள்ல வருது, பொதுவா 90 நாளுக்கு மேல சேத்து வைக்கக்கூடாது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி இருக்குறவங்க கிட்டதான் குடுக்கணும். கும்மிடிப்பூண்டியில இதுக்குன்னே பெரிய இடம் இருக்கு. ஒரு டிரம்முக்காக வண்டி வராதுன்னு நினைப்பீங்க, எஸ்டேட் அசோசியேஷன்ல பேசி எல்லா ஷாப்புக்கும் ஒரே நாள்ல வண்டி வர்ற மாதிரி பண்ணுங்க, ஆளாளுக்கு அலையறதை விட செலவும் கம்மி.

கேள்வி: வெளிநாட்டுல மெஷின் வச்சு டப்பாவை ஓட்டை போடுறாங்களே, நம்ம டிரில்லிங் மெஷின்ல போட்டா என்ன?
– ஒரு வாசகர், கிண்டி

பதில்: வேணவே வேணாம் சார். அமெரிக்காவுல 2020லேர்ந்து இதுக்குத் தனி விதியே இருக்கு, இதுக்காகவே செஞ்ச கருவியிலதான் ஓட்டை போடணும். டிரம் மேல மாட்டி, டப்பாவை உள்ள வச்சு மூடினதுக்கு அப்புறம்தான் ஊசி இறங்கும், மிச்சம் நேரா டிரம்முக்குள்ள போயிடும், எர்த் வயரும் இருக்கும். டிரில் பிட்டு சூடாகும், மோட்டார்ல பொறி வரும், ரெண்டும் அந்த கேஸுக்கு ஆகாது.

கேள்வி: ஓஎம்ஆர்ல ஒரு ஆஃபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் பாத்துக்குறேன். ரூம் ஃப்ரெஷ்னர், கரப்பான் பூச்சி ஸ்ப்ரே டப்பாவை சாதா குப்பையில போடலாமா சார்?
– ஒரு வாசகி, துரைப்பாக்கம்

பதில்: போடாதீங்கம்மா. குப்பை லாரியில அழுத்துற தகடு இருக்கே, டப்பா அதுல மாட்டினா பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, டியூப் லைட் எல்லாம் அபாயக் குப்பை, தனியா ஒரு பெட்டியில சேத்து, இதுன்னு சொல்லித்தான் குடுக்கணும். பான்ட்ரியில மைக்ரோவேவ் மேல அடுக்கி வைக்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க. ரூம் ஃப்ரெஷ்னருக்கு கையால அழுத்துற ரீஃபில் பாட்டில் வாங்கச் சொல்லி அட்மின்ல கேளுங்க, டப்பா பாதி குறைஞ்சிடும்.