கேள்வி – பதில்: உடைந்த ஸ்கெக்கை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: நோர்வேயில் பேர்கன் பக்கம் இருக்கிறேன். பழைய ஃபைபர் கடல் கயாக் ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் படகின் அடியில் இறக்கியிருந்த ஸ்கெக் தகட்டை மேலே இழுக்க மறந்து கல்லுக்கரையில் ஏற்றியதில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி முறிந்து போனது. படகைச் செய்த கம்பெனி இப்போது இல்லை, பாகமும் கிடைக்கவில்லை. சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டிப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். வேலைக்கு ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் அதையே கடைசி ஸ்கெக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், அளவு பார்க்கிற ஸ்கெக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கயாக் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகின் அடியில், பின்பக்கமாக, ஒரு குறுகலான பெட்டிக்குள்ளிருந்து இறங்கும் தகடுதான் ஸ்கெக். மேல்தளத்தில் உள்ள பிடியைத் தள்ளினால், அதோடு இணைந்த கேபிள் தகட்டை இறக்கும். சுக்கான் மாதிரி இடம் வலம் திரும்பாது, ஏறும், இறங்கும், அவ்வளவுதான். பக்கக் காற்றில் ஓடும்போது கயாக்கின் முன்பக்கம் தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடியில்லாமல் நழுவும், அதனால் மூக்கு காற்று வரும் பக்கமே திரும்பப் பார்க்கும். ஸ்கெக்கை இறக்கினால் பின்பக்கத்துக்கும் பிடி கிடைக்கிறது. கொஞ்சம் இறக்கினால் நேராகப் போகும், முழுக்க இறக்கினால் சில படகுகள் காற்று போகிற பக்கமே திரும்பிவிடும்.

இனி உங்கள் விஷயம். பெட்டிக்குள் மிச்சம் இருக்கும் மேல்பாதியை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் சொத்து. தகடு சுழலும் ஆணித் துளை, கேபிள் மாட்டும் இடம், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தூரம் மாறினால் மேல்தளத்தில் நீங்கள் தள்ளும் பிடி பாதி வழியிலேயே முட்டி நிற்கும், இல்லையென்றால் கடைசி வரை தள்ளினாலும் ஸ்கெக் அரைகுறையாகத்தான் இறங்கும். முதலில் அட்டையில் வரைந்து வெட்டி, ஆணியில் மாட்டி, ஏற்றி இறக்கிப் பாருங்கள். மேலே ஏறியிருக்கும்போது அடிப்பாகத்துக்கு வெளியே எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. முழுக்க இறங்கியிருக்கும்போது முன்விளிம்பு செங்குத்தாக நிற்காமல் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், உங்கள் கடலில் கெல்ப் பாசிக்குப் பஞ்சமில்லை, சாய்வு இருந்தால் பாசி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது தடிமன், பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். பெட்டியின் உள் அகலத்தை ஒரே இடத்தில் அளந்தால் போதாது, ஃபைபர் பெட்டி எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருப்பதில்லை. இருப்பதிலேயே குறுகலான இடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சுமார் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். இறுக்கமாகச் செய்தால் ஒரு மணல் துகள் போதும், ஸ்கெக் மாட்டிக்கொள்ளும். ரொம்பத் தளர்வாக விட்டால் அலையில் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும்.

நறுக்கும் பலகை பெரும்பாலும் பாலிஎத்திலீன். ஜிக்சாவில் வெண்ணெய் மாதிரி அறுபடும், தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. குறை என்னவென்றால் மெலிதாக்கினால் வளையும், எந்தப் பசையும் அதில் ஒழுங்காக ஒட்டாது. அடர்த்தி 0.95தான், அதனால் மிதக்கவும் பார்க்கும். கேபிள் தள்ளி இறக்குகிற உங்கள் படகில் அது பெரிய தொல்லை இல்லை. அக்ரிலிக் வேண்டாம், கல்லில் பட்டால் சில்லாகும். அலுமினியம் என்றால் 5083 அல்லது 6061 ரகம், அதிலும் துருப்பிடிக்காத எஃகு ஆணியை நேரடியாகத் தொட விடாமல் நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போகும்.

பலகையில் செய்து காற்றில் ஓட்டிப் பார்த்து, வடிவம் சரி என்று தெரிந்த பிறகு அதையே அச்சாக வைத்து ஜி10 தகட்டில் வெட்டுங்கள். கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்த்து அழுத்திய தகடு அது, மெலிதாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மெரைன் பிளைவுட்டில் ஃபைபர் துணி சுற்றியும் செய்கிறார்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் ஆணித் துளையில் எபாக்ஸி பூசாமல் விட்டால் அங்கே தண்ணீர் இறங்கி, மரம் உப்பி, பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஒரு கூடுதல் வேலை: தகட்டின் பின்முனையில், ஸ்கெக் மேலே இருக்கும்போதும் கைக்கு எட்டும் இடத்தில், சின்னத் துளை போட்டு ஒரு கயிற்றுக் கண்ணி கட்டுங்கள். கரையிலிருந்து தள்ளும்போது பெட்டிக்குள் கூழாங்கல் ஏறிவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் அதைப் பிடித்து இழுத்துவிடலாம். மாட்டிக்கொண்ட ஸ்கெக்கை மேலிருந்து பலமாகத் தள்ளினால் கேபிள்தான் மடங்கும்.

கேள்வி: நானே செய்த அலுமினிய ஸ்கெக் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கொஞ்சம் வேகம் எடுத்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். என்ன செய்யலாம்?

பதில்: பின்விளிம்பைச் சதுரமாக அப்படியே விட்டிருப்பீர்கள். மொட்டையான விளிம்பிலிருந்து தண்ணீர் சுழல் சுழலாக, இடமும் வலமும் மாறி மாறிப் பிரிகிறது, அந்தத் தாளத்துக்குத் தகடு அதிர்கிறது. அரத்தை எடுத்துப் பின்விளிம்பை ஒரு பக்கமாக மட்டும் சாய்வாகத் தேயுங்கள், சுழல்கள் சேர்ந்து தாளம் போட முடியாமல் சத்தம் அடங்கும். கத்தி மாதிரி கூராக்க வேண்டாம், படகைத் தூக்கும்போது கையைக் கிழிக்கும். முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். முழு விமானச் சிறகு வடிவம் கொடுக்கிறேன் என்று உட்கார வேண்டாம், அவ்வளவு மெல்லிய தகட்டில் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

கேள்வி: இந்தக் கேபிள், பெட்டி வம்பே வேண்டாம் என்று, ஒரு தகட்டை அடியில் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் என்ன?

பதில்: ஒட்டலாம், முன்னோடி இருக்கிறது. 1975-இல் நோர்வே கரையோரமாகப் போன ஒரு பிரிட்டிஷ் குழுவுக்காக ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த நோர்ட்காப் கயாக்கின் எச்.எம். வகைக்கு, அசையாத ஸ்கெக் உடலோடு சேர்ந்தே வந்தது. நேராகப் போகும், திருப்பத்தான் மல்லுக்கட்ட வேண்டும். பாறைச் சந்துகளில் புகுந்து விளையாடுகிறவர் என்றால் நொந்துபோவீர்கள். உங்களுடையது பிளாஸ்டிக் கயாக் என்றால் யோசனையையே விடுங்கள், பசை நிற்காது. கேபிள்தான் எரிச்சல் என்றால் அது ஓடும் குழாய்க்குள் தகட்டை மேலே இழுக்க ஒரு கயிறு விட்டு, தகட்டைக் கீழே இழுக்க ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டி, மேல்தளத்தில் கயிற்றைக் கவ்வும் கிளீட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் இடித்தாலும் தகடு தானே மடங்கி மேலே போகும், எலாஸ்டிக் தளரும்போது மாற்றினால் சரி.