விஎல்சி பிளேயரில் பாடுகிற எம்பி3 என் பைத்தான் புரோகிராமில் ஓடவில்லை, எரரும் வரவில்லை. வேறு லைப்ரரி மாற்றிப் பார்க்கலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஃபைல் விஎல்சியில் பாடுகிறது, உங்கள் புரோகிராமில் மட்டும் சத்தமே இல்லை என்கிறீர்கள். பாட்டு ஓட்ட பைகேம் என்ற லைப்ரரியைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் பிளே என்று சொன்னதும் பாட்டைத் தொடங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியே இல்லையென்றால் புரோகிராம் முடிந்து, பாட்டும் அதோடு போச்சு. பாட்டு இன்னும் ஓடுகிறதா என்று சொல்லும் கெட் பிஸியை, பாடி முடியும்வரை பார்த்துக்கொண்டு ஒரு லூப்பில் காத்திருக்க வைக்க வேண்டும். உங்கள் சிக்கல் இதுதான் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இது இல்லையென்றால் எங்கள் கதையைக் கேளுங்கள். மேலூர்ப் பக்கம் எங்களுக்கு மைக் செட் தொழில். இன்ஜினியரிங் படிக்கும் தங்கை மகன், பாட்டுக்கு நடுவே அறிவிப்பு தானாக ஓடுகிற மாதிரி லேப்டாப்பில் ஒரு பைத்தான் புரோகிராம் எழுதித் தந்தான். ஒரு ஊரில் புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துப் போகும் திருவிழா. பாட்டெல்லாம் ஜோராக ஓடியது. "புரவி எடுப்பவர்கள் மந்தைக்கு வந்து சேரவும்" என்று ஊர்ப் பொதுத்திடலுக்குக் கூப்பிடும் அறிவிப்பு மட்டும் வரவே இல்லை. திரையில் எரரும் இல்லை. கமிட்டிக்காரர்கள் தூரத்தில் நின்று கையை ஆட்டுகிறார்கள்.

"மாமா, பைகேம் சரியில்லை. பிளேசவுண்ட் லைப்ரரி போடுவோம்" என்றான்.

"டேய் மாப்பிள, பாட்டு அதுலதானடா ஓடுது?"

கோடைத் திறந்து பார்த்தால் ஃபைலை ஏற்றுகிற இடத்தில் ஒரு ட்ரை, கீழே எக்ஸெப்ட், பாஸ். எரர் வந்தால் கண்டுகொள்ளாமல் போ என்று அர்த்தம். எரர் வந்திருக்கிறது, வெளியே சொல்ல விடவில்லை. அதை எடுத்துவிட்டு ஓட்டியதும் ஆடியோ ஃபார்மட் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. ஃபைலை பைனரியாகத் திறந்து முதல் நான்கு பைட்டை பிரிண்ட் பண்ணச் சொன்னேன். ஓ, ஜி, ஜி, எஸ் என்று வந்தது. எம்பி3 பெரும்பாலும் ஐடி3 என்று தொடங்கும், வேவ் என்றால் ஆர்ஐஎஃப்எஃப். (பாட்டு விவரம் எழுதிய டேக் இல்லாத எம்பி3 அப்படித் தொடங்காது, தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

விஷயம் என்னவென்றால், அது கமிட்டிச் செயலாளர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரல் பதிவு. வாட்ஸ்அப் அதை ஓபஸ் என்ற முறையில் சுருக்கி ஓக் ஃபைலாக வைக்கும். மற்ற பாட்டெல்லாம் எம்பி3 ஆக இருக்கிறதே என்று யாரோ பெயரின் கடைசியை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விஎல்சி பெயரை நம்பாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாடிவிடும். ஃபார்மட் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை வைத்து வேவ் ஆக மாற்றினோம், மந்தை முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு அறிவிப்பு தாமதமானதில் நிகழ்ச்சியே இழுத்துக்கொண்டு போய் இரவு பத்தைத் தாண்டிவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நேரத்தை இழுப்பது கமிட்டி, "இன்னும் ஒரே பாட்டு அண்ணே" என்பது இளைஞர்கள், போலீஸ் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனால் அது எங்களுடையது. மறுநாள் போய் நிற்பதும் நாங்கள்தான். வாடகைப் பாக்கி கேட்டால் "அறிவிப்புதான் ஒழுங்காக ஓடலையே" என்று பதில் வேறு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் என்றால் ஃபைல் இருக்கும் பாதையையும் பாருங்கள். பேக்ஸ்லாஷுக்கு (\) அடுத்து t அல்லது n எழுத்து வந்தால் பைத்தான் அதை டேப், புது வரி என்று எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்கு முன் ஒரு r போடுங்கள், அல்லது நேர் ஸ்லாஷ் (/) போடுங்கள். யாராவது பைடப் என்ற ஆடியோ லைப்ரரியைப் போடச் சொல்லி, ஆடியோஆப் மாட்யூல் இல்லை என்று எரர் வந்தால் ஃபைலைச் சந்தேகப்படாதீர்கள். அந்த மாட்யூலை பைத்தான் 3.13-இல் எடுத்துவிட்டார்கள், 3.12-இல் ஓட்டிப் பாருங்கள்.