கோப்புகள் வந்துவிட்டன, பூட்டுகள் எங்கே?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறோம். அலுவலகத்தில் 22 பேர். ஏழு ஆண்டுகள் ஓடிய விண்டோஸ் சர்வருக்குப் பதிலாகப் புதியது வாங்கினோம். விற்றவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கோப்புகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை பேக்கிங் பிரிவுப் பையன் ஒருவன் தற்செயலாகச் சம்பளப் பட்டியலைத் திறந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்குள் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பழைய சர்வரில் அந்த ஃபோல்டரை நானும் கணக்காளரும் மட்டுமே திறக்க முடியும். விற்றவரோ, "ஒரு கோப்புகூடக் குறையவில்லை, எண்ணிப் பாருங்கள். அனுமதிகள் என் வேலையில் சேராது" என்கிறார். பாக்கிப் பணத்தை நிறுத்தலாமா?

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த ஃபோல்டரைப் பொதுவிலிருந்து எடுத்து, நீங்களும் கணக்காளரும் மட்டும் திறக்கும்படி மாற்றுங்கள். அடுத்தது இதைவிட முக்கியம்: பழைய சர்வரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், அதன் டிஸ்கை யாரும் அழிக்க விடாதீர்கள். யார் எதைத் திறக்கலாம் என்று ஏழு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நீங்கள் செய்துவைத்த ஏற்பாடு முழுவதும் அந்த டிஸ்கில் மட்டும்தான் இப்போது இருக்கிறது. அந்தப் பையனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவன் எதையும் உடைத்துத் திறக்கவில்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஃபோல்டர்களைச் சாதாரணமாகப் பிடித்து இழுத்துப் புது சர்வரில் போட்டிருக்கிறார்கள். விண்டோஸில் அப்படி வேறு டிஸ்குக்கு நகலெடுத்தால், கோப்பு தன் பழைய அனுமதிகளைக் கொண்டுவராது. போய்ச் சேரும் இடத்தில் தாய் ஃபோல்டருக்கு என்ன அனுமதியோ, அதையே எடுத்துக்கொள்ளும். தாய் ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்திருந்தால் சம்பளப் பட்டியலும் திறந்துவிடும். பல இடங்களில் மற்ற கணினிகளிலிருந்து சர்வருக்குள் வரும் வாசலான நெட்வொர்க் பகிர்வை 'எல்லோருக்கும் முழு அனுமதி' என்று வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஃபோல்டர் அனுமதியைத்தான் காவலுக்கு நம்பியிருப்பார்கள். அந்த முறையில் தவறில்லை, இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஆனால் உள்காவல் போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதற்கென்றே விண்டோஸில் 'ரோபோகாப்பி' என்ற கட்டளை இருக்கிறது. அதற்குத் தனிக் காசு கிடையாது. ஆனால் அதுவும் தானாக அனுமதிகளைக் கொண்டுவராது. உள்ளடக்கம், பண்புகள், தேதி ஆகிய மூன்றைத்தான் இயல்பாக எடுக்கும். 'காப்பிஆல்' என்ற சேர்க்கையைக் கொடுத்தால்தான் அனுமதியும் உரிமையாளர் பெயரும் சேர்ந்து வரும். கோப்புகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தால், அதோடு சேர்த்துக் கொடுக்கும் 'செக்ஃபிக்ஸ்' என்ற சேர்க்கை, நகலெடுக்காமல் தாண்டிப்போகும் கோப்புகளின் அனுமதியையும் சரிசெய்யும். எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு விற்றவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் மனிதர்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணைக் கொடுத்து, கோப்பின் மேல் அந்த எண்ணைத்தான் எழுதிவைக்கிறது. பழைய சர்வரில் 'மீனா' என்ற கணக்கு இருந்து, புதியதிலும் 'மீனா' என்றே ஒரு கணக்கைத் தொடங்கினாலும், சர்வரின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். அனுமதிகளை அப்படியே கொண்டுவந்த பிறகு ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால், மீனா இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாத கணக்கு' என்ற சொல்லும், எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீளமான எண்ணும் நிற்கும். மீனாவால் தன் கோப்பையே திறக்க முடியாது. இரண்டு சர்வர்களும் ஒரே டொமைனில், அதாவது கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாட்டில், இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் டொமைன் கணக்குகளின் எண் மாறாது. கணக்குகள் பழைய சர்வருக்குள்ளேயே இருந்தால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஜோடி சேர்த்தாக வேண்டும். 'ஐகேக்கல்ஸ்' என்ற கட்டளை அனுமதிகளை ஒரு கோப்பாகச் சேமித்து, புது இடத்தில் திரும்பப் போடும்போது பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணை மாற்றி எழுதித் தரும்.

ஆனால் எந்தப் பழைய எண் எந்தப் புது மனிதர் என்பது கட்டளைக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓர் எக்செல் தாளை எடுத்துப் பழைய கணக்கு, அது உண்மையில் யார், இன்னும் வேலையில் இருக்கிறாரா, புதுக் கணக்கு, எந்தக் குழு என்று ஐந்து பத்திகள் போடுங்கள். ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள், முடியாது. இப்படிப்பட்ட தாள் ஒன்றை நிரப்ப ஓர் அலுவலகத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 'அக்கவுண்ட்ஸ்2' என்ற ஒரே கணக்கை நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் பயன்படுத்தி வந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகிய மேலாளரின் கணக்குக்கு இன்னும் வங்கி ஃபோல்டரில் முழு அனுமதி இருந்தது. 'டெம்ப்' என்ற கணக்கு யாருடையது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் புது சர்வரில் நாங்கள் இடம் கொடுக்கவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை.

அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். கணக்குப் பிரிவு, மெர்ச்சண்டைசிங், பேக்கிங், நிர்வாகம் என்று நான்கு குழுக்கள் இருந்தால், நாளை ஒருவர் விலகும்போது குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தால் போதும். நூறு ஃபோல்டர்களில் தேட வேண்டியதில்லை.

இப்போது பணம். உங்கள் ஆர்டரில் 'கோப்புகளை நகலெடுத்தல்' என்று மட்டும் எழுதியிருந்தால் எழுத்தளவில் அவர் சொல்வதற்கு இடமிருக்கிறது. 'பழைய சர்வரிலிருந்து மாற்றிக் கொடுத்தல்' என்றோ 'இருந்தபடியே அமைத்துத் தருதல்' என்றோ இருந்தால், வேலை முடியவில்லை என்பது என் உறுதியான கருத்து. சர்வரின் விலையைப் பிடித்து வைக்காதீர்கள், பொருள் வந்துவிட்டது. மாற்றிக் கொடுக்கும் வேலைக்கான கூலியை மட்டும் நிறுத்தி, என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசுவது நாளைக்குச் சாட்சியாகாது. நுகர்வோர் ஆணையத்தை நம்பி இறங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. உங்களுக்குத் துணை அந்த ஆர்டரும் மின்னஞ்சலும்தான்.

கேள்வி: கோவையில் ஆடிட்டர் அலுவலகம், 14 பேர். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா எடுத்துவிட்டோம். சர்வரில் உள்ள வாடிக்கையாளர் கோப்புகளை, அந்தச் சந்தாவில் இணையத்தில் கோப்பு வைக்கும் இடமான ஷேர்பாயிண்டுக்கு மாற்ற மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன: 18,000 ரூபாய், 45,000 ரூபாய், 1,10,000 ரூபாய். மூன்றிலும் ஒரே மென்பொருளின் பெயர்தான் இருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்?

பதில்: அந்த மென்பொருள் ஷேர்பாயிண்ட் மைக்ரேஷன் டூலாக இருந்தால், அதை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத்தான் தருகிறது. ஆகவே மூன்று பேரும் உங்களுக்கு விற்பது மென்பொருளை அல்ல, தங்கள் நேரத்தை. குறைந்த விலைக்காரர் இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பார். அதிக விலைக்காரர் உங்களோடு உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாரா என்று கேளுங்கள். அது கொட்டேஷனில் எழுதப்படாவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமில்லை.

அந்த டூலுக்குப் பயனர் பொருத்தப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கலாம். மூன்றே பத்திகள்: பழைய கணக்கு, புதிய மின்னஞ்சல் வடிவக் கணக்கு, இது குழுவா இல்லையா. "இந்தப் பட்டியலை யார் தயாரிப்பது, ஓடவிடுவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா?" என்று மூன்று பேரிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரை விட்டுவிடலாம்.

உங்கள் தொழிலில் மிகவும் கவனிக்க வேண்டியது 'மறுப்பு' அனுமதி. விண்டோஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை ஊழியர் குழு முழுவதற்கும் திறந்துவிட்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் ஒருவருக்கு மட்டும் 'மறுப்பு' என்று போடலாம், அவரால் திறக்க முடியாது. ஷேர்பாயிண்டுக்கு மாறும்போது அந்த மறுப்பு கைவிடப்படுகிறது. படிக்க, எழுத, முழுக் கட்டுப்பாடு என்பவை அங்கே உள்ள நிலைகளுக்கு மாற்றப்படும், மறுப்பு மட்டும் வராது. பயிற்சியாளர் ஊழியர் குழுவில் இருப்பதால், மாற்றிய மறுநாள் அவருக்கு எல்லாக் கோப்புகளும் திறக்கும். யாருடைய திரையிலும் எச்சரிக்கை தோன்றாது. எனவே மாற்றுவதற்கு முன்பே பழைய சர்வரில் மறுப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைப் பயன்படுத்தாமல் குழுக்களைப் பிரித்து அமையுங்கள்.

பாதையின் நீளத்தையும் பாருங்கள். ஷேர்பாயிண்டில் ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்து 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆடிட்டர் அலுவலகங்களில் வாடிக்கையாளரின் முழுப்பெயர், அதற்குள் நிதியாண்டு, அதற்குள் வரி வகை, அதற்குள் 'இறுதி', 'இறுதி திருத்தியது' என்று போய்க்கொண்டே இருக்கும். தாண்டிய கோப்புகள் பின்தங்கிவிடும்.

மூவரில் யாரைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரை மட்டும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நிர்வாகிக் கணக்கில் அல்லாமல், உங்கள் கீழ்நிலை ஊழியர் ஒருவரின் கணக்கில் நுழைந்து பாருங்கள். நிர்வாகியின் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். திறக்க வேண்டியது திறக்கிறதா என்று பார்ப்பதைவிட, திறக்கக் கூடாதது திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். பாதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். 45,000 ரூபாய்க்காரர் இதற்கு ஒப்புக்கொண்டால் நான் அவரிடமே கொடுப்பேன்.

கேள்வி: கும்பகோணத்தில் அண்ணனும் நானும் ஸ்டூடியோ நடத்துகிறோம். லினக்ஸ் கணினியில் இருந்த திருமணப் படங்களின் டிஸ்கைக் கழற்றிப் புதுக் கணினியில் மாட்டினோம். என் கோப்புகள் அண்ணன் பெயரிலும், அவருடையவை என் பெயரிலும் காட்டுகின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. லினக்ஸ் டிஸ்கில் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண் மட்டுமே இருக்கும். உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கணினியில் அண்ணன் கணக்கை முதலில் தொடங்கியிருப்பீர்கள், புதியதில் உங்கள் கணக்கை. புதுக் கணினியில் இரண்டு கணக்குகளின் எண்களையும் பழையபடி மாற்றி அமைத்தால், டிஸ்கைத் தொடாமலே சரியாகிவிடும். படங்கள் எதுவும் சேர்ப்பதற்கு முன், கணக்குகள் காலியாக இருக்கும்போதே இதைச் செய்வது சுலபம். அடுத்த முறை டிஸ்கைக் கழற்றாமல், நிர்வாகி உரிமையோடு 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கட்டளை வழியாக நெட்வொர்க்கில் நகலெடுங்கள். உரிமையாளர் விவரத்தையும் எடுக்கச் சொன்னால், இரு பக்கமும் ஒரே பெயர் இருக்கும்பட்சத்தில் அது பெயரை வைத்தே பொருத்தும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மதுரையில் சிறிய கல்வி அறக்கட்டளை. ஆறு பேரும் எங்கள் சொந்த ஜிமெயில் கணக்குகளிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தோம். இப்போது அமைப்பின் பெயரில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கப் போகிறோம். பாதிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தொடங்கிய தன்னார்வலர் சென்ற ஆண்டு வெளியூர் போய்விட்டார். கோப்புகளின் உரிமையைப் புதுக் கணக்குக்கு மாற்றித் தருவதாக ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சொந்த ஜிமெயில் கணக்கில் உள்ள கோப்பின் உரிமையை, அமைப்பின் வொர்க்ஸ்பேஸ் கணக்குக்கு நேராக மாற்றிக் கொடுக்கக் கூகுள் அனுமதிப்பதில்லை. நடக்காத ஒன்றை அவர் விற்கிறார். சந்தா கட்டுவதற்கு முன், பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்குக் கூகுள் தரும் இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

நடக்கக்கூடிய வழி நகலெடுப்பது. புதுக் கணக்கைக் கோப்பின் திருத்துநராகச் சேர்த்து, அந்தக் கணக்கிலிருந்து நகல் எடுத்தால், நகலுக்கு உரிமை உங்களுடையது. அதை அமைப்புக்கான 'ஷேர்டு டிரைவ்' பகுதியில் வையுங்கள். அங்கே இருக்கும் கோப்பு தனிமனிதருக்குச் சொந்தமாகாது, யார் விலகினாலும் அமைப்பிடமே நிற்கும். நகலில் பழைய திருத்த வரலாறு வராது. யாருக்கெல்லாம் பகிர்ந்திருந்தீர்கள் என்பதும் தானாக வராது, நகலெடுக்கும்போது கேட்கும் கட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆனால் நான் அதைக் குறிக்க வேண்டாம் என்பேன். இத்தனை நாட்களில் யார் யாருக்கோ பகிர்ந்ததை மீண்டும் சுமப்பதற்குப் பதில், புதிதாக எழுதுவது நல்லது. கூகுள் படிவத்தை நகலெடுத்தால் கேள்விகள் மட்டும் வரும், வந்த பதில்கள் வராது. பதில்கள் சேரும் தாளைத் தனியாக நகலெடுங்கள். நோட்டீஸில் அச்சிட்ட கியூஆர் குறியீடு பழைய படிவத்துக்கே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஷேர்டு டிரைவில் உறுப்பினராகச் சேர்ந்தவர், இயல்பாக அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் பார்ப்பார். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுக்காக நன்கொடையாளர்களிடம் வாங்கிய பான் எண்கள் உங்களிடம் இருக்குமே, அந்தத் தாளுக்குத் தனி டிரைவ் தொடங்கிப் பொருளாளரையும் செயலாளரையும் மட்டும் சேருங்கள். மற்றவர்களுக்குப் பொது டிரைவில் பங்களிப்பாளர் நிலை போதும். சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது.

வெளியூர் போனவரை இந்த வாரமே தொலைபேசியில் பிடியுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத சொந்தக் கணக்கை, அதில் உள்ள கோப்புகளோடு சேர்த்து நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் விதி. அறக்கட்டளைக்கென்றே அவர் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, போன ஆண்டோடு அதைத் திறப்பதை நிறுத்தியிருந்தால், உங்களுக்கு அதிக நாட்கள் இல்லை. அவர் ஒருமுறை உள்ளே நுழைந்து, தாய் ஃபோல்டரில் உங்கள் புதுக் கணக்கைத் திருத்துநராகச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும்.