பெரெங்கிகளின் தங்கக் கட்டி: மதிப்பு எதில்?

'ஸ்டார் ட்ரெக்' அறிவியல் புனைகதைத் தொடர்களில் வரும் வேற்றுக்கிரக வணிகர்கள் பெரெங்கிகள்; தங்கக் கட்டிகள்தான் அவர்களின் பணம். ஆனால் மதிப்பு தங்கத்துக்கு இல்லை, உள்ளே இருக்கும் லாட்டினம் என்ற கற்பனைப் பொருளுக்கு. அது வெள்ளி நிறத் திரவம்; கையாள வசதியாகத் தங்கத்துக்குள் அடைக்கிறார்கள். தங்கம் வெறும் உறை.

"பெரெங்கிகளே தங்கத்தைக் குப்பை என்பது ஏன்?" என்று நீங்கள் குழம்பினால், அதற்கு 1987 'ஸ்டார் ட்ரெக்' அத்தியாயம் காரணமாக இருக்கலாம். அதில் தங்கம் அவர்களுக்கு அரிய உலோகம்! லாட்டினம் நிலைபெற்றது 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில்தான்.

சரிபார்க்க, அதே தொடரில் 1998இல் வந்த, மோர்ன் என்ற மதுக்கடை வாடிக்கையாளரைப் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். மதுக்கடை நடத்தும் பெரெங்கியான குவார்க் ஒரு கட்டியை நொறுக்குகிறான். உள்ளே திரவம் இல்லை, உதிர்வது தங்கத்தூள் மட்டும். லாட்டினம் இருந்தது மோர்னின் இரண்டாவது வயிற்றில். அருமையான காட்சி, தவறவிடாதீர்கள்.

லாட்டினப் பணத்தின் கணக்குக்கு: 100 ஸ்லிப் ஒரு ஸ்ட்ரிப், 20 ஸ்ட்ரிப் ஒரு பார் (கட்டி). ஆனால் இதை டாலராக மாற்றிப் பார்க்காதீர்கள். கதைக்குக் கதை விலை மாறும்.