பெயர் மேனேஜர், செய்த வேலை என்ன?

வேலைக்குச் சேர்ந்த ஆர்டரில் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று இருப்பதால், வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்த்து லேபர் ஆபீசுக்குப் போக முடியாது என்று எச்ஆர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் ‘தொழிலாளி’ யார் என்ற கேள்வி வரும்போதெல்லாம், பதவிப் பெயரை விட்டுவிட்டு அவர் முக்கியமாகச் செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் நிர்வாகப் பொறுப்பில் ‘முக்கியமாக’ இருப்பவர்தான் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து விலக்கப்படுகிறார். நாள் முழுக்க பில் போட்டு ஸ்டாக் எழுதினேன் என்கிறீர்கள், சரி, யாருக்காவது லீவு கொடுக்கவோ ஆள் எடுக்கவோ நடவடிக்கை எடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? இல்லையென்றால் அது உங்களுக்குப் பலம். நீங்கள் செய்தது மேற்பார்வை வேலை என்று நிறுவனம் வாதாடினால் சம்பள வரம்பும் பார்க்கப்படும். உங்களுக்கு வந்த அன்றாட உத்தரவுகளை, மெயிலோ வாட்ஸ்அப்போ, இன்றைக்கே பிரதி எடுத்துக்கொண்டு தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.