கேமரா எந்த மாதம் கைக்கு வரும்?

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள்: சினிமா படிக்க நல்ல பல்கலைக்கழகம் எது? அதற்கு முன், உங்கள் மகள் அனுப்பிய ஆறு நிமிட வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காவடித் திருவிழாவைக் கைப்பேசியில் எடுத்திருக்கிறாள். அலகு குத்தும்போது எல்லோரும் அலகைத்தான் எடுப்பார்கள். இவள் அந்த நொடியில், பக்கத்தில் சொம்போடு நிற்கும் தம்பியின் கையைக் காட்டுகிறாள். சொம்பில் தண்ணீர் தளும்புகிறது. வெளிச்சம் போதவில்லை, படம் ஆடுகிறது. ஆனாலும் எங்கே வெட்ட வேண்டும் என்பது யாரும் சொல்லித்தராமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு வேண்டியது படம் எடுக்கும் படிப்பு. படத்தைப் பற்றி எழுதும் படிப்பு அல்ல. 'மீடியா' என்ற ஒரே பலகையை இரண்டுக்கும் மாட்டிவைத்திருப்பதால்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. நம் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கல்வியில் ஆய்வும் கட்டுரையும்தான் அதிகம். ஆய்வாளராக விரும்பும் பிள்ளைக்கு அருமையான இடம். உங்கள் மகள் அங்கே மூச்சு முட்டிப்போவாள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீடியோ படிப்பு செய்முறை சார்ந்தது, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஜோகன்னஸ்பர்கில் விட்ஸ் பல்கலைக்கழகம் திரைப்படம், தொலைக்காட்சிக்கென்றே நான்கு ஆண்டுப் பட்டம் தருகிறது. ஆனால் விடுதிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் குறிப்பிட்ட அஃப்டா 1994இல் தொடங்கிய தனியார் திரைப்படக் கல்லூரி. டர்பனிலும் வளாகம் உண்டு. மாணவர்களைப் படம் எடுக்கவைப்பதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் பணத்தில்தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே. தனியார் கட்டணத்துக்குச் செல்லாது. சேர்க்கைக்கு முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு என் அறையில் அழுத பெற்றோர் இருக்கிறார்கள். தேசியத் திரைப்பட அறக்கட்டளையும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கருவிகள் வைத்திருக்கும் அறையைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர் கைக்குக் கேமரா எந்த மாதம் வரும், ஒரு கேமராவுக்கு எத்தனை பேர், படத்தொகுப்புக் கூடம் மாலையில் திறந்திருக்குமா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பரிசு வாங்கியவற்றை மட்டுமல்ல. தரும் சான்றிதழ் தேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே இணையத்தில் பார்த்துவிடலாம்.

உங்கள் கணவரின் கவலை வேலையைப் பற்றியது. நியாயமான கவலைதான். இத்துறையில் மாதச் சம்பள வேலைகள் குறைவு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவும் வாழ்க்கை. இயக்குநர் நாற்காலி ஒன்றுதான்; ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு அலுவலகம் என்று சோறு போடும் இடங்கள் பல. 2015இல் ஒளிபரப்பு தொடங்கிய 'உசாலோ' தொலைக்காட்சித் தொடர் டர்பனில்தான் உருவானது. அதன் மொழி பெரும்பாலும் ஐசிசூலு, அதாவது சூலு மக்களின் மொழி. உங்கள் மகள் பள்ளியில் அந்தப் பாடத்தை விட்டுவிட நினைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம். இந்த ஊரில் அவளுக்கு அது ஒரு லென்ஸைவிட உதவும்.

அனந்த் சிங்கை உதாரணம் காட்டியிருக்கிறார் உங்கள் கணவர். டர்பன் பிள்ளை, உலகறிந்த தயாரிப்பாளர், மறுப்பில்லை. அவர் 18 வயதில் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுப் படவாடகைக் கடை வாங்கியவர் என்பதை மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே தற்காலிக இடம் தருவார்கள் என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாதிரிப் படைப்பு கேட்டால் அந்தக் காவடி வீடியோவையே அனுப்பட்டும். மூன்றாவது நிமிடத்தில் ஒட்டியிருக்கும் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, அங்கே கேட்ட மேளத்தையே வைக்கச் சொல்லுங்கள்.