‘இவ்வளவுதானா?’ என்று கேட்கும் பிள்ளைகளோடு ஒரு செட்டிநாட்டு விடுமுறை

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. அரையாண்டு விடுமுறைக்குக் கானாடுகாத்தானில் என் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். எதை வாங்கிக் கொடுத்தாலும் பிள்ளைகள் ‘இவ்வளவுதானா?’ என்கிறார்கள். பெரியவர்கள் ஆசையாகக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிடுகிறார்கள். ஏதாவது கைவேலை செய்யவைத்து நன்றியுணர்வை வளர்க்க முடியுமா? அதிகம் செலவில்லாமல் இருந்தால் நல்லது.

பதில்: முடியும். நீங்கள் போகிற ஊரில் அதற்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். எந்தக் கைவேலையைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். செய்த பொருள் இன்னாருக்கு, இன்ன காரியத்துக்காக என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடித்ததும் பிள்ளையே அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இணையத்தில் எங்கும் காணப்படும் ‘நன்றி மரம்’ எனக்கு உவப்பில்லாமல் போனது இதனால்தான். காகித இலைகளில் ‘அம்மா, அப்பா, வீடு, சாப்பாடு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். அம்மா என்ன செய்தாள் என்று அந்த இலையில் இருப்பதில்லை. ஒட்டி முடித்ததும் பிள்ளையும் அதை மறந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஒருவர் நமக்கு உதவும்போது மூன்று விஷயங்களை யோசிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் இதை வேண்டுமென்றே நமக்காகச் செய்தாரா? அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், எவ்வளவு சிரமப்பட்டார்? நமக்கு அதனால் என்ன நன்மை? இப்படி யோசிக்கப் பழகிய பிள்ளைகளிடம் நன்றியுணர்வு கூடியது. உங்கள் மகளுக்குச் சரியாக அந்த வயது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றிலும் இந்த மூன்று கேள்விகளையும் பேச்சுவாக்கில் கேளுங்கள். பாடம் நடத்துகிற குரலில் மட்டும் வேண்டாம்.

ஐந்து வயதுக்காரனுக்கு நூல் போதும். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்காகத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்க்கும் வழக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் உண்டு. நோன்பு நோன்பாகவே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். நாளுக்கு ஓர் இழை என்ற அந்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் கிழிந்துபோன பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று பெட்டிக்குள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். தினமும் இரவு உறங்கப் போகுமுன் மகன் அதிலிருந்து ஓர் இழை உருவி, அன்று தனக்கு யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றைச் சொல்லட்டும். ‘அய்யா என்னைத் தூக்கி ஊஞ்சலில் உட்காரவைத்தார்’ என்பது போதும். ‘எல்லாரும் நல்லவர்கள்’ என்றால் விடாமல், ‘யார், என்ன செய்தார்கள்?’ என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இழைகளைச் சேர்த்து மூன்று புரியாகப் பின்னினால் ஒரு கயிறு கிடைக்கும். அதன் உபயோகம் பிறகு வருகிறது.

எழுதத் தெரிந்த மகளுக்குப் பேரேடு. கொண்டுவிற்றவர்கள், அதாவது வணிகம் செய்தவர்கள் ஊர் அல்லவா, உங்கள் மாமனார் வீட்டில் பழைய கணக்கேடு ஒன்றாவது பரணில் கிடக்கும். முடிந்தால் அதை அவளுக்குக் காட்டுங்கள். வெள்ளைத்தாள்களை நீளவாக்கில் மடித்து, நடுவில் நூல் கோத்துத் தைத்து, துணி அட்டை போட்டால் அவளுக்கென்று ஒரு பேரேடு தயார். பக்கத்துக்கு மூன்று பத்தி: யாரிடமிருந்து, என்ன வரவு, அதற்காக அவர்கள் பட்ட பாடு. மூன்றாவது பத்திதான் முக்கியம். அதை நிரப்ப அவள் போய் விசாரிக்க வேண்டியிருக்கும். ‘மாவுருண்டைக்குப் பயறு வறுக்க எவ்வளவு நேரம் அப்பத்தா?’ என்று அடுப்படியில் நின்று கேட்பாள். பற்றுப் பத்தி மட்டும் போடாதீர்கள். மொய் நோட்டு மாதிரி, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அது கடன்சுமையாகிவிடும். நன்றி வேறு, கடன்பட்ட உணர்வு வேறு என்பதை உளவியலும் பிரித்தே பார்க்கிறது.

ஒருநாள் ஆத்தங்குடிக்குப் போய்வாருங்கள். வீட்டில் தினமும் மிதித்து விளையாடும் தரைக்கற்கள் எப்படி உருவாகின்றன என்று பிள்ளைகள் பார்க்கட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் பூவும் கொடியும் தனித்தனி நிறத்தில் நிற்கும். அதன்மேல் சிமெண்டும் மணலும் சேர்த்து அழுத்தி, பிறகு நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துவார்கள். சூளையில் சுடுவதில்லை. ஒவ்வொரு கல்லும் ஒருவர் கையால் ஊற்றியது என்று தெரிந்த பிறகு, வீட்டுக்கு வந்து தரையைக் குனிந்து பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை. மறுநாள் தடித்த தாளை 15 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, அதே கோலங்களை வரைந்து வண்ணம் தீட்டட்டும். ஒரு சதுரம் ஒருவருக்கு. பின்பக்கம் மகள் ஒரே ஒரு வாக்கியம் எழுதட்டும். மகன் சொல்வதை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

இனி கொட்டான், அதாவது பனையோலையில் முடையும் சிறு கூடை. இந்த விடுமுறையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒருகாலத்தில் செட்டிநாட்டு ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்தவை இவை. அருகிப்போன இந்தக் கலைக்கு எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் இந்த வட்டாரப் பெண்கள் மறுபடி உயிர் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் கொட்டான் முடையும் பெண் ஒருவர் இருந்தால், முறைப்படி கூலி கொடுத்து ஒரு முற்பகல் சொல்லித்தரக் கேளுங்கள். காய்ந்த பனங்குருத்தோலையை நீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாமல் வளையும். ஈர்க்கை நீக்கி ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வகிர்ந்துகொள்ள வேண்டும். கத்தி பிடிப்பது பெரியவர் வேலை. ஓலையின் விளிம்பும் விரலைக் கீறும், சொல்லி வையுங்கள். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் நெடுக்கில் 8 கீற்று, குறுக்கில் 8. எண்ணிக்கை இரட்டைப்படையில் இருப்பது அவசியம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று முடைந்தால் அடிப்பாகம் வரும். இதுவரை 9 வயதுப் பிள்ளையால் தானே செய்ய முடியும். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு ஓலைகளைக் குறுக்காக மாட்டி மூலை எழுப்ப வேண்டும். அங்கே பெரியவர் கை வேண்டும். சுவர் நாலைந்து வரிசை எழுந்ததும் நுனிகளை மடக்கி உள்ளே செருகிவிடலாம். ஓலை கிடைக்காவிட்டால் கல்யாணப் பத்திரிகைகளைக் கீற்றாக வெட்டி முடையலாம். செட்டிநாட்டு வீட்டில் அவற்றுக்குப் பஞ்சமே இருக்காது.

முதல் கொட்டான் கோணலாகத்தான் வரும். மூலை அவிழும், பிள்ளைக்கு எரிச்சல் வரும். அந்த நேரத்தில் நீங்கள் வாங்கி முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ‘இதை ஒருநாளைக்கு எத்தனை முடைவீர்கள்?’ என்று சொல்லித்தருகிறவரிடம் பிள்ளை கேட்பது பெரும்பாலும் அப்போதுதான். ஒரு பொருளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு, தன் விரல் வலிக்கும்போது புரிகிற அளவுக்கு நாம் சொல்லிப் புரிவதில்லை.

கொட்டான் முடிந்ததும் வீட்டில் செய்த தேன்குழலோ மாவுருண்டையோ உள்ளே வைத்து, வரைந்த சதுரத்தை மேலே வைத்து, மகன் பின்னிய கயிற்றால் கட்டுங்கள். யாருக்கு என்பதைப் பிள்ளைகளே பேரேட்டைப் புரட்டித் தீர்மானிக்கட்டும். ஒரு பெயரை மட்டும் நினைவுபடுத்துவேன். நீங்கள் எல்லாரும் வெளியூரில் இருக்கும்போது அவ்வளவு பெரிய வீட்டின் முகப்பையும் வளவையும் கூட்டித் துடைத்து, மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, உங்கள் மாமியாருக்குத் துணையாக இருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று ஒருநாள் காலை பிள்ளைகள் கூடவே நடந்து பார்க்கட்டும். ‘அவர்களிடம் ஒன்றுமில்லை பார், உன்னிடம் எவ்வளவு இருக்கிறது’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதனால் பிள்ளைக்குப் பெருமிதமோ குற்ற உணர்ச்சியோ வருமே தவிர நன்றி வராது. அவரையும் அது சிறுமைப்படுத்தும்.

கொடுக்கும்போது முன்னால் தள்ளி ‘நன்றி சொல்லு’ என்று முதுகைத் தட்ட வேண்டாம். வாய் திறக்கக் கூச்சப்பட்டால் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதும். சொல்ல வேண்டியது சதுரத்தின் பின்னால் இருக்கிறது.

உங்கள் மகன் அப்பத்தாவுக்குத் தன் பொம்மைக் காரைக் கொடுக்க நினைத்தால் தடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் உளவியலாளர் பிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் 1938-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பிடித்த பொருளையே நன்றியாகத் திருப்பிக் கொடுக்க நினைப்பது சிறு பிள்ளைகளிடம் அதிகம் என்றும், கொடுத்தவருக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பது வயது ஏற ஏறத்தான் கூடுகிறது என்றும் தெரிந்தது. அவன் வயதுக்கு அந்தக் கார் சரியான நன்றிதான். மாறாக, செய்த கொட்டானைக் கொடுக்கமாட்டேன் என்று கட்டிக்கொண்டு அழுதால் பிடுங்காதீர்கள். முதலாவதை அவனே வைத்துக்கொள்ளட்டும். ஓலையைக் கொஞ்சம் கூடுதலாகவே நனைத்து வையுங்கள், இரண்டாவதைக் கொடுக்கச் சம்மதிப்பான்.